விளிம்பில் ஓடும் மின்சாரம்

(புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்துக் கிராமக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரத்தைப் பற்றியதாகும். "மின்சாரத்தைப் பற்றி நமக்குத் தெரியாததா? பம்பு செட்டு வைத்திருக்கிறோம், பில் கட்டுகிறோம், காயில் எரிந்தால் சுற்றிக்கொண்டு வருகிறோம், இதற்கென்று ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நாம் சொல்லப்போகிற மின்சாரம் கம்பியின் நடுவில் ஓடுகிற மின்சாரமல்ல. ஒரு பொருளின் நடுப்பாகம் முழுவதும் சும்மா கிடக்க, ஓரத்தில் மாத்திரம், விளிம்பை ஒட்டி மாத்திரம் ஓடுகிற மின்சாரமாகும். கேட்டால் கட்டுக்கதை போலிருக்கும். கட்டுக்கதையல்ல என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்துகொள்ளும்படி, அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறோம்.

இந்த விஷயத்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்றால், அதற்கு ஒரு காரணமுண்டு. இப்பொழுது "குவாண்டம்" என்ற ஒரு சொல் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. முன்னே தாயத்து விற்றவர் மந்திர சக்தி என்றார். இப்பொழுது காப்பு விற்கிறவர் குவாண்டம் சக்தி என்கிறார். கையில் மாட்டினால் சர்க்கரை வியாதி இறங்கும், இரத்தக் கொதிப்பு அடங்கும் என்கிறார். செல்போனைத் திறந்தால் அதிலும் இதே வியாபாரம் நடக்கிறது. இதை நம்பி ஒருவர் காசை மாத்திரம் இழந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டால்? சர்க்கரை வியாதியைக் கவனியாமல் விட்டால் கண் போகும், சிறுநீரகம் போகும், காலில் புண் வந்து காலையே எடுக்க நேரிடும். ஆகவே குவாண்டம் என்பது என்ன, அதை யார் கண்டார்கள், எப்படி அளந்தார்கள் என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுவது நமது காசையும் காலையும் காப்பாற்றிக்கொள்ளுகிற காரியமே ஒழிய, வெறும் படிப்பாளிகளின் பொழுதுபோக்கல்ல.

முதலில் சாதாரண மின்சாரத்தைப் பார்ப்போம். கம்பிக்குள் எலெக்ட்ரான் என்னும் மிகச் சிறிய துகள்கள் நகருவதைத்தான் மின்சாரம் என்கிறோம். அவை நேராகப் போவதில்லை. சந்தைக் கூட்டத்தில் அவசரமாகப் போகிறவன் இங்கே முட்டி, அங்கே மோதி, பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போவது போலத்தான் அவை போகின்றன. அந்த முட்டலும் மோதலுமே தடை என்பது. அதனால் உண்டாகிற நஷ்டமே சூடு. மோட்டார் சுடுவதும், செல்போன் சுடுவதும், டிரான்ஸ்பார்மர் சுடுவதும் பெரும்பாலும் இதனால்தான். தடைக்கு ஓம் என்னும் அளவு உண்டு. கம்பி நீளமானால் ஓம் கூடும், தடித்தால் ஓம் குறையும். செம்புக்கு ஒரு கணக்கு, இரும்புக்கு ஒரு கணக்கு. இது பள்ளிக்கூடப் பாடம்.

இந்தப் பாடத்தில் முதல் திருப்பம் 1879-ல் நடந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கல்லூரியில் எட்வின் ஹால் என்று ஒரு மாணவர் இருந்தார். மின்சார சாஸ்திரத்தில் அக்காலத்துக்கு மாபெரும் அறிஞர் மாக்ஸ்வெல் என்பவர். மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தின் அருகே வைத்தால், காந்தம் கம்பியைத்தான் தள்ளுமே தவிர உள்ளே ஓடும் மின்சாரத்தைத் தள்ளாது என்று மாக்ஸ்வெல் தமது பெரிய புத்தகத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்த இந்த மாணவருக்கு அது பொருத்தமாய்ப் படவில்லை. நம் நாட்டிலானால், "பெரியவர் எழுதிவிட்டார், நீ யாரடா பொடியன்?" என்று வாயை அடைத்திருப்பார்கள். அங்கே அவருடைய ஆசிரியர் ரோலண்டு என்பவர், "எனக்கும் அந்தச் சந்தேகமுண்டு, சோதித்துப் பார்" என்ற மாதிரியாக இடங்கொடுத்தார். ஹால் மெல்லிய தங்க ரேக்கைக் கண்ணாடியில் ஒட்டி, அதில் மின்சாரத்தை விட்டு, மேலிருந்து கீழாகக் காந்தத்தைக் காட்டினார். மின்சாரம் ஒரு பக்கமாக ஒதுக்கப்படுவதும், அதனால் ரேக்கின் இரண்டு ஓரங்களுக்கும் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாவதும் தெரிந்தது. புத்தகம் தோற்றது, சோதனை ஜெயித்தது. இன்றைக்கும் அதற்கு ஹால் விளைவு என்றுதான் பெயர். மாக்ஸ்வெல்லின் மற்றப் பெருமைகள் இதனால் குறைந்துவிடவுமில்லை.

இரண்டாவது திருப்பம் நூறு வருஷத்துக்குப் பிறகு வந்தது. 1980 பிப்ரவரி மாதம் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரத்தில் கிளாவ்ஸ் ஃபான் கிளிட்சிங் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி ஒரு சிலிக்கான் சில்லில் இதே ஹால் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். அந்தச் சில்லில் எலெக்ட்ரான்கள் ஒரு தளத்தில் மாத்திரம் நடமாடும். நீளமுண்டு, அகலமுண்டு, உயரத்தில் அசைய இடமில்லை. கேரம் பலகையில் காய் நகருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லை மைனஸ் 270 டிகிரிக்கும் கீழே குளிரவைத்து, மிகப் பலமான காந்தத்தில் வைத்து அளந்தார். குறுக்குத் தடை ஒழுங்காக ஏறி இறங்கும் என்று எதிர்பார்க்கவேண்டிய இடத்தில், அது படிக்கட்டுப் படிக்கட்டாக நின்றது. 25,812.8 ஓம், அதில் பாதி, அதில் மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று படிகள் இருந்தன. படிகளுக்கு இடையில் நிற்கிற அளவு ஒன்றுமில்லை. அதோடு, படியில் நிற்கும்போதெல்லாம் நீளவாக்கில் இருக்கவேண்டிய தடை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று.

இந்தப் புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு சேருவதற்கு முன்னே அம்மன் காசு என்று ஒரு செப்புக்காசு இங்கே வழங்கிற்று. முடிப்பில் ஒரு காசு இருக்கும், இரண்டு இருக்கும், மூன்று இருக்கும். ஒன்றேகால் காசை யாரும் எண்ணியதில்லை. இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்படியாக இயற்கையில் சில அளவுகள் வருவதைத்தான் குவாண்டம் என்கிறார்கள். இவ்வளவே ஒழிய, அதில் சக்தி நிரப்பிக் காப்புச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆச்சரியம் படிக்கட்டில் மாத்திரமல்ல. சில்லு நீளமோ குட்டையோ, அகலமோ ஒடுக்கமோ, சுத்தமோ கொஞ்சம் அழுக்கோ, படியின் உயரம் மாறவில்லை. சிலிக்கானை விட்டு வேறு பொருளில் செய்தாலும் அதே உயரம்தான். பின்னாளில் கிராஃபீன் என்னும் பொருளையும் காலியம் ஆர்சனைடு என்னும் பொருளையும் வைத்து ஒப்பிட்டதில், ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட வித்தியாசம் காணப்படவில்லை. நாலு கடையில் நாலு படி நெல் வாங்கினால் நாலும் ஒன்றாயிருக்காத உலகத்தில் இது சாமானியமா? 1985-ல் கிளிட்சிங்குக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதில்தான் விளிம்பு வருகிறது. பலமான காந்தத்துக்குள் அகப்பட்ட எலெக்ட்ரான் நேரே போகாது, வட்டமிடும். செக்குமாட்டைப் பார்த்திருக்கிறீர்கள். நாள் முழுவதும் நடக்கும், ஆனால் ஊர் போய்ச் சேராது. சில்லின் நடுவிலுள்ள எலெக்ட்ரான்களெல்லாம் செக்குமாடுகள்தான். அதனால் நடுப்பாகத்தில் மின்சாரம் ஓடுவதில்லை. ஓரத்தில் இருக்கிற எலெக்ட்ரானுக்கோ வட்டத்தை முடிக்க இடமில்லை. பாதி வட்டம் போனதும் சுவரில் முட்டுகிறது, மறுபடி பாதி வட்டம் போகிறது, மறுபடி முட்டுகிறது. இப்படித் தத்தித் தத்தி ஓரத்தை ஒட்டி ஒரே திசையில் போய்க்கொண்டேயிருக்கிறது. இதை 1982-ல் ஹால்பரின் என்னும் அமெரிக்க விஞ்ஞானி விளக்கி எழுதினார். இந்தச் செக்குமாட்டுக் கணக்கு முழுக் கணக்கல்ல, விளங்கிக்கொள்ளுவதற்கு ஒரு படம் மாத்திரந்தான். முழுக் கணக்கும் இதே முடிவுக்குத்தான் வருகிறது.

தடை ஏன் இல்லாமற்போகிறது? நமது கவிநாட்டுக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாயின் ஒரு கரையில் கிழக்கே மாத்திரம் போகலாம், எதிர்க்கரையில் மேற்கே மாத்திரம் போகலாம் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுவோம். கிழக்கே போகிறவன் வழியில் ஒரு கருவேலமரம் விழுந்து கிடந்தால் என்ன செய்வான்? சுற்றிக்கொண்டு கிழக்கேதான் போவான். திரும்பவேண்டுமானால் எதிர்க்கரைக்குப் போகவேண்டும், நடுவிலோ தண்ணீர் நிற்கிறது. விளிம்பில் ஓடும் எலெக்ட்ரானுக்கும் இதே நிலைமைதான். அழுக்கு குறுக்கிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. பின்னுக்குத் திரும்ப வழியில்லாததால் முட்டல் மோதல் நஷ்டமில்லை. சில்லை வெளிக்கம்பியோடு இணைக்கிற இடங்களில் மாத்திரம் சூடு உண்டாகும்.

சரி, படியின் உயரம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக நிற்கிறது? இதற்குப் பதில் சமையற்கட்டில் இருக்கிறது. இட்லியில் துவாரமில்லை, உளுந்து வடையில் ஒரு துவாரம். வடையை அமுக்குங்கள், நீட்டுங்கள், கோணலாக்குங்கள், பிய்க்காதவரையில் துவாரம் ஒன்றேதான். அரைத் துவாரமுள்ள பலகாரம் என்று ஒன்று கிடையாது. இப்படி உருவம் எவ்வளவு கோணினாலும் மாறாத எண்ணிக்கையைப் பற்றிய கணக்குக்கு டோபாலஜி என்று பெயர். எலெக்ட்ரான்களின் நடத்தையிலும் இப்படியொரு மாறாத முழு எண் ஒளிந்திருக்கிறது, அதுதான் படிக்கட்டின் எண் என்பதை 1982-ல் தௌலஸ் என்பவரும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பொருளுக்குள்ளே அந்த எண் ஒன்று, வெளியே வெற்றிடத்தில் அது சைபர். ஒன்றிலிருந்து சைபருக்குக் கொஞ்சங் கொஞ்சமாக இறங்க முடியாது, எங்கேயாவது ஓரிடத்தில் அந்த ஒழுங்கு முறிந்துதான் ஆகவேண்டும். அந்த இடம் விளிம்பு. முறிகிற இடத்தில் மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. ஆகவே விளிம்பு மின்சாரம் தற்செயலாக வந்ததல்ல, வந்தே தீரவேண்டியது. 2016-ம் வருஷத்து நோபல் பரிசை தௌலஸ், ஹால்டேன், காஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவருக்கும் கொடுத்தது இந்த மாதிரி வேலைகளுக்காகத்தான்.

அந்த ஹால்டேன் 1988-லேயே ஒரு கேள்வி கேட்டார். வெளியிலிருந்து பெருங்காந்தம் காட்டாமலே இந்த விளிம்பு ஓட்டத்தை உண்டாக்க முடியாதா? முடியும் என்று கணக்கு சொல்லிற்று. பொருள்தான் கிடைக்கவில்லை. 2005-ல் கேன், மேலே என்ற இருவர் இன்னொரு வழி காட்டினார்கள். எலெக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டு. பம்பரச் சுழற்சி போல என்று சொல்லலாம், ஆனால் அது நிஜப் பம்பரமல்ல. ஒரு ஸ்பின் உள்ளவை விளிம்பில் இடது பக்கமும், எதிர் ஸ்பின் உள்ளவை அதே விளிம்பில் வலது பக்கமும் போகும் என்றார்கள். திரும்பவேண்டுமானால் ஸ்பின்னையே மாற்றிக்கொள்ளவேண்டும், காந்தகுணமில்லாத சாதாரண அழுக்கால் அதைச் செய்ய முடியாது. 2006-ல் பெர்னெவிக், ஹியூஸ், ஷாங் ஆகியோர் இதற்கேற்ற பொருளைச் சொன்னார்கள். 2007-ல் ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் மோலன்காம்ப் என்பவரின் குழுவினர் அதைச் செய்தே காட்டினார்கள்.

அந்தப் பொருள் என்ன தெரியுமா? பாதரசமும் டெல்லூரியமும் சேர்ந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சுமார் 6.3 பங்கு கனம். அந்தக் கனத்துக்கு மேலிருந்தால் விளிம்பில் மின்சாரம் ஓடும், கீழிருந்தால் ஓடாது என்று முன்கூட்டிச் சொல்லி, இரண்டையும் செய்து பார்த்து, சொன்னபடியே இருக்கக் கண்டார்கள். தோழர்களே, நம் நாட்டிலும் பாதரசத்தை வைத்துக்கொண்டு வெகுகாலமாக ரசவாதம் பேசினோம். இன்றைக்கும் ரசமணி கட்டிக் கழுத்தில் போட்டால் கிரகதோஷம் நீங்கும், வசியம் உண்டாகும் என்று விற்கிறார்கள். பாதரசம் விஷமென்பதை வாங்குகிறவருக்குச் சொல்லுவதில்லை. "எவ்வளவு கனத்தில் எவ்வளவு பலன்? பலிக்காவிட்டால் எதைக் கொண்டு தெரிந்துகொள்ளுவது?" என்று கேட்டால் கோபம் வருகிறது. வூர்ட்ஸ்பர்க்கிலோ எந்தக் கனத்தில் பலிக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சோதனைக்கு இறங்கினார்கள். பாதரசம் ஒன்றுதான், புத்தியை உபயோகித்த விதந்தான் வேறு.

2013-ல் சீன தேசத்தில் ஷ்வே சீகுன் என்பவரின் குழுவினர், குரோமியம் சேர்த்த ஒரு மெல்லிய ஏட்டில், வெளிக் காந்தமில்லாமலே படிக்கட்டு உண்டாவதைக் காட்டினார்கள். ஹால்டேன் கேட்ட கேள்விக்கு இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு விடை வந்தது. 2018-ல் அமெரிக்காவில் டங்ஸ்டனும் டெல்லூரியமும் சேர்ந்த ஒற்றையேட்டில் மைனஸ் 173 டிகிரி வரையில் விளிம்பு ஓட்டம் நிலைத்திருக்கக் கண்டார்கள். ஆனால் மிகக் குட்டையான தூரத்துக்கு மாத்திரமே அந்த ஓட்டம் ஒழுங்காயிருந்தது. ஆகவே நாளைக்கே நஷ்டமில்லாத கம்பி வந்து நம் பம்பு செட்டில் மாட்டப்போகிறது என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடாதீர்கள்.

இனி, ஒன்றேகால் காசு கிடையாது என்று முன்னே சொன்னோமல்லவா? 1982-ல் சுயி, ஸ்டார்மர், கோசார்டு ஆகியோர் இன்னும் சுத்தமான பொருளில், இன்னும் குளிரில் அளந்தபோது, மூன்றில் ஒன்று என்னும் பின்னத்தில் ஒரு படி நின்றது. பிறகு ஐந்தில் இரண்டு, ஏழில் மூன்று என்று வரிசையாகப் பின்னங்கள் வந்தன. இந்த வரிசை ஏன் இப்படி வருகிறது என்பதற்கு 1989-ல் எளிய விளக்கம் கண்டவர் ஜெயினேந்திர ஜெயின் என்னும் நமது நாட்டுக்காரர். ஒவ்வொரு எலெக்ட்ரானும் இரண்டு சுழல்களைக் கூடச் சேர்த்துக்கொண்டு ஒரு புதிய துகளைப் போல நடந்துகொள்ளுகிறது, அந்தப் புதிய துகளுக்குக் கணக்கிட்டால் பழையபடி ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண்களே வருகின்றன என்று காட்டினார். அதற்காக 2025-ல் ஊல்ஃப் பரிசு என்னும் பெரிய பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இந்த ஜெயின் யார்? ராஜஸ்தானத்தில் சாம்பர் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவனாயிருக்கும்போதே ஒரு விபத்தில் காலை இழந்தவர். அவரை நடக்கவைத்தது எது? வேண்டுதலா? தாயத்தா? ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் காலாகும். 1968-ல் அதைச் செய்தவர்கள் சேத்தி என்னும் டாக்டரும், ராம் சந்திர சர்மா என்னும் கைத்தொழிலாளியும். அந்தக் கைத்தொழிலாளி பெரிய படிப்புப் படித்தவரல்ல. ரப்பரையும் மரத்தையும் கையாளத் தெரிந்தவர், கண்ணைத் திறந்துகொண்டு யோசித்தவர், அவ்வளவே. பாதிப் படிப்போடு புத்தகங்களைத் தாமாகத் தேடிப் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தைரியமான செய்தி வேறு வேண்டுமா? ஒரு தொழிலாளியின் கை ஒரு பையனுக்குக் கால் கொடுத்தது. அந்தப் பையனின் மூளை உலகத்துக்கு ஒரு விளக்கம் கொடுத்தது.

நமக்குப் பக்கத்திலே பெங்களூரில் 1909-ல் ஏற்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இந்த வேலை நடந்துவருகிறது. பிள்ளைகள் எழுதுகிற பென்சிலின் கரியை ஒற்றை அணு ஏடாக உரித்தால் அதுதான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் நகரத்தில் ஒட்டுநாடாவைக் கொண்டே அதை உரித்தெடுத்தார்கள், 2010-ல் அதற்கு நோபல் பரிசு வந்தது. பெங்களூர்க் கழகத்தில் அனிந்திய தாஸ் என்பவரின் குழுவினர் 2019-ல் கிராஃபீனின் விளிம்பு வழியாக எவ்வளவு சூடு கடத்தப்படுகிறது என்பதை அளந்து, அதுவும் காசுக்கணக்குப் போலக் குறிப்பிட்ட பங்குகளாகவே வருவதைக் காட்டினார்கள். அதே கழகத்து ஆசிரியர் அவீக் பிட் என்பவர், அதற்கு முன்னே 2010-ல் இஸ்ரேல் தேசத்தில் மற்றவர்களோடு வேலை செய்தபோது, விளிம்பில் மின்சாரமில்லாமல் சூட்டை மாத்திரம் எதிர்த்திசையில் கொண்டுபோகும் ஓட்டம் ஒன்று உண்டு என்பதைக் கண்டார். 1994-ல் காகிதத்தில் சொல்லப்பட்ட கணக்கு 2010-ல் கருவியில் தெரிந்தது.

"இவ்வளவும் சரி, எங்களுக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள். சந்தைக்குப் போகிறீர்கள். கடலை விற்கிறீர்கள், புளி வாங்குகிறீர்கள். படிக்கல் சரியில்லையென்றால் ஏழைக்குத்தான் நஷ்டம். உள்ளூர்க் கல்லைச் சர்க்கார் முத்திரைக் கல்லோடு ஒப்பிடலாம். அதை அதற்கு மேற்பட்ட கல்லோடு ஒப்பிடலாம். இப்படியே போனால் கடைசிக் கல் எது? 1889 முதல் பாரிசு நகரத்தருகே பூட்டி வைத்திருந்த ஒரு உலோக உருளைதான் உலகத்துக்கெல்லாம் கிலோ. நூறு வருஷத்தில் அந்த உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஒரு கிராமில் 20,000-ல் ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. எது கூடிற்று, எது குறைந்தது என்று சொல்ல வழியில்லை, ஏனெனில் மூலமே அதுதான். இந்தச் சங்கடத்துக்கு முடிவாக, 2019 மே 20 முதல், பூட்டிவைத்த உருளையை விட்டு, இயற்கையின் மாறாத எண்களைக்கொண்டு கிலோவைத் தீர்மானிக்கிறார்கள். எடையை மின்சாரத்தோடு ஒப்பிடுகிற ஒரு தராசு உண்டு. அந்தத் தராசில் மின்தடையைச் சரிபார்க்க உதவுவது, நாம் இவ்வளவு நேரம் பேசிய 25,812.807 ஓம் படிக்கட்டுதான். முன்னே ஒரு அலமாரிக்குள் பூட்டியிருந்த பிரமாணம், இன்று சோதனைச்சாலை உள்ள எந்தத் தேசத்தாரும் தாமே செய்து பார்த்துக்கொள்ளக்கூடிய பிரமாணமாகிவிட்டது. பகுத்தறிவுக்காரர்கள் சந்தோஷப்படவேண்டிய விஷயம் இதுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது எங்கள் சாஸ்திரத்தில் முன்னமே இருக்கிறது" என்று சொல்ல ஒருவர் எழுந்திருப்பார். இருக்கட்டும், சந்தோஷம். அந்த 25,812.807 எந்தச் சுலோகத்தில் இருக்கிறது என்று அவர் 1980-க்கு முன்னே சொல்லியிருந்தால், நாமே மாலை போட்டிருப்போம். மற்றவன் கண்டுபிடித்த பிற்பாடு தேடி எடுத்துக் காட்டுவது, திருடன் பிடிபட்ட பிற்பாடு குறிசொல்லுவதற்குச் சமானம்.

விஞ்ஞானிகள் மாத்திரம் தவறே செய்யாதவர்களா என்றால், அப்படியுமல்ல. இதே டோபாலஜி வகையில், ஒரு நுண்கம்பியின் முனையில் அபூர்வமான ஒரு நிலையைக் கண்டுவிட்டதாக, மைக்ரோசாப்ட் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்த நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் பெரிய பத்திரிகையில் வெளியிட்டார்கள். வேறு விஞ்ஞானிகள் மூலக் கணக்குகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, முடிவு நிற்காது என்று எடுத்துக்காட்டினார்கள். 2021-ல் அந்தக் கட்டுரையை எழுதினவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025-ல் அதே கம்பெனி இதே நிலையைக்கொண்டு ஒரு கணிப்பொறிச் சில்லுச் செய்திருப்பதாக அறிவித்தபோதும், அத்தாட்சி போதாது என்று விஞ்ஞானிகள் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். பணமுள்ள கம்பெனி என்று பயப்படவில்லை. எந்தத் தலபுராணம் இப்படித் திரும்பப் பெறப்பட்டிருக்கிறது? எந்த ஜோசியர் பலிக்காத ஜாதகத்துக்கு வாங்கிய தட்சணையைத் திருப்பித் தந்திருக்கிறார்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "நடுப்பாகம் சும்மா கிடக்கிறது, விளிம்பில்தான் ஓட்டமிருக்கிறது" என்றவுடன், ஊரின் விளிம்பிலே ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களைப் பற்றி ஒரு நீதியை இதிலிருந்து எடுத்துப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். நாம் அதைச் செய்யமாட்டோம். எலெக்ட்ரான் நமக்கு நீதி சொல்லுவதற்காக ஓடவில்லை. இயற்கையில் ஒன்றைக் கண்டு அதற்கு ஒரு நீதியைக் கட்டிவிடுவதுதான் புராணக்காரரின் வேலை. மக்களை ஒதுக்கிவைப்பது தப்பென்பதற்கு எலெக்ட்ரானின் சாட்சி தேவையில்லை, மனிதன் மனிதன் என்பதே போதும்.

ஆனால் ஒதுக்கிவைத்ததால் அறிவுக்கு வந்த நஷ்டத்தைக் கணக்குப் பார்க்கலாம். இந்தப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரை, பெண் என்பதற்காகவே 1904-ல் மகாராஜா கல்லூரியில் சேர்க்கக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள். ஆட்சேபனை ஜெயித்திருந்தால் 1912-ல் டாக்டராக வெளிவந்த அம்மையார் நமக்குக் கிடைத்திருப்பாரா? அப்படிக் கதவு சாத்தப்பட்டுப் போனவர்கள் எத்தனை பேரென்று யாருக்குத் தெரியும்? ஆகவே உங்கள் பெண்களையும் பிள்ளைகளையும் கணக்கும் விஞ்ஞானமும் படிக்கவையுங்கள். "நம் சாதிக்கு இது எதற்கு?", "பெண்ணுக்கு இது எதற்கு?" என்ற பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். பென்சிலும் ஒட்டுநாடாவும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

முடிவாக, குவாண்டம் என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, எதை அளந்தாய், எத்தனை அளவு வந்தது? இரண்டாவது, உன் பேச்சைக் கேளாத வேறொருவன் வேறு ஊரில் செய்தாலும் அதே அளவு வருமா? மூன்றாவது, என்ன நடந்தால் உன் பேச்சுப் பொய்யென்று ஒப்புக்கொள்ளுவாய்? கிளிட்சிங்கின் படிக்கட்டு இந்த மூன்று கேள்விக்கும் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. காப்புக்காரர் ஒன்றுக்காவது சொல்லட்டும், பிறகு வாங்குவதைப்பற்றி யோசிக்கலாம். அதுவரையில் காசை முடிந்துகொள்ளுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். நாம் இங்கே சொன்னவைகளையும் இந்த மூன்று கேள்விகளைக் கொண்டே பரீட்சித்துப் பார்த்து, நின்றதை வைத்துக்கொண்டு நிற்காததைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.